'ஷ்யூர்லி'யை வகுப்பில் எப்படி விளக்குகிறீர்கள்?

குழுவினருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்கள் வைத்திருக்கும் வழிகாட்டி நூலில் 'சர்ட்டன்லி', 'டெஃபினிட்லி', 'ஷ்யூர்லி' மூன்றுக்கும் 'நிச்சயமாக' என்று ஒரே பொருள் போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் அது போதும். மூன்றாவதுதான் இழுபறி.

'ஹீ சர்ட்டன்லி நோஸ்' என்பவர் அவனுக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்கிறார். 'ஷ்யூர்லி ஹீ நோஸ்' என்பதில் அந்தத் தெம்பு இல்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டு, எதிரில் இருப்பவர் ஆமாம் போடக் காத்திருக்கும் குரல் அது. 'ஷ்யூர்லி நாட்!' என்றால் 'அப்படியெல்லாம் இருக்காதே!' என்ற திகைப்பு. அதற்கு 'நிச்சயமாக இல்லை' என்று எழுதியிருக்கும் மாணவிக்கு மதிப்பெண் போடுவதா, குறைப்பதா? (அமெரிக்கர்கள் சிலர் 'ஓ, தாராளமாக' என்ற பொருளிலும் இதைச் சொல்வதுண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

என்னைக் கேட்டால், இதற்குத் தனிச் சொல்லே வேண்டாம். நம் ஏகாரமும் 'தானே'யும் போதும். 'அவனுக்குத் தெரிந்திருக்குமே' என்றால் வேலை முடிந்தது. ஆனால் பிள்ளைகள் ஒற்றைச் சொல்லில் பொருள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

கூடவே இன்னொன்று: 'வில் டெஃபினிட்லி கம்' என்கிறோம், எதிர்மறையில் மட்டும் 'டெஃபினிட்லி வோன்ட் கம்' என்று அது முன்னால் போய்விடுகிறது. விதி தெரியும். 'ஏன் சார்?' என்று கேட்கும் பையனுக்குச் சொல்ல எளிய காரணம் இருந்தால் எழுதுங்கள்.