விசைப்பலகை மாற்றிய நாட்களில் பட்ட பாடு: கடலூர், பாண்டி ஆட்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:

தமிழ் 99-க்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. வேகம் வந்துவிட்டது, கைவலியும் போய்விட்டது. ஒன்பதாம் நாள் நடந்தது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. எங்காவது இறக்கி வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், கடை திறக்கும் முன்பே ஆட்கள் நிற்பார்கள். பதினோரு வருடம் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைத்தவள் நான். அதில் ண, ள, ற எது வந்தாலும் ஷிப்டை அழுத்த வேண்டும். மனுவில் அவை இல்லாத வரி உண்டா? விண்ணப்பம், உள்ளது, பெற்று... இடது சுண்டுவிரலில் ஆரம்பித்த வலி முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. அக்கா மகன்தான் மாற்றிவைத்துக் கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. பழைய கை போய்விட்டது, புதுக் கை வரவில்லை. மனு என்று அடிக்கிறேன், திரையில் 'ரலற' என்று நிற்கிறது. வரிசையில் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி. விதவை உதவித்தொகை நின்றுபோனதற்கு மனு. பெயர் லலிதா.

தமிழ் 99-ல் ல-வுக்கு ஆங்கில N விசை. இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வைத்துவிடும் என்று தெரியும். அம்மா, பக்கம், தட்டு எல்லாவற்றுக்கும் அது வசதி. லலிதாவுக்கு அதுவே வினை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அனுப்புநர், உள்ளே, கடைசியில் என்று மூன்று இடத்திலும் 'ல்லிதா'. அவசரத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, பெயரை மட்டும் எழுதுவார். பேனாவோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அச்சான பெயர்மேல் விரலை வைத்து, "எம் பேருல மொத எழுத்துக்குப் பொட்டு கெடையாதேம்மா" என்றார். அப்போதுதான் பார்த்தேன். "இருங்க பாட்டி, வேற எடுத்துத் தரேன்" என்று திரைப்பக்கம் திரும்பி, திருத்தி, வேறு தாள் எடுத்துத் திரும்பினால், அவர் பழைய தாளிலேயே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். ல-வுக்கு மேல் கவனமாக ஒரு புள்ளி வைத்து. "மிஷின்ல வந்தா அதான சரி, நாந்தான் இத்தன வருசமா தப்பாப் போட்டுட்டேன் போல."

புதுத் தாளைக் கொடுத்து, "வேண்டாம் பாட்டி, உங்க பேர்தான் சரி" என்று எவ்வளவோ சொன்னேன். பின்னால் ஆட்கள் கத்துகிறார்கள். அதிலும் புள்ளியோடுதான் போட்டுவிட்டுப் போனார்.

யளனகப_ஹையர்:

இதற்குத்தான் நாங்கள் யளனகப-வை, பழைய டைப்ரைட்டர் எழுத்து வரிசையை, விடவில்லை. டைப்ரைட்டிங் மிஷினில் லலிதா அடித்தால் லலிதாதான் வரும். அது தன் மூளையைக் காட்டாது. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ் 99-ஐக் கொண்டுவந்த முடிவு நல்ல முடிவாகவே இருக்கட்டும், யாருக்காக எடுத்தார்கள்? அதுவரை டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர், ஹையர் முடித்திருந்தவன் கையை என்ன செய்வது?

சரி, என் கதை. முதுநகரில் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். போஸ்ட் மரமெல்லாம் படுத்துவிட்டது, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. நிவாரண மனு அடிக்கக் கம்ப்யூட்டர் கடை ஒன்றும் ஓடவில்லை. நான் நாலு மிஷினைத் திண்ணையில் இறக்கினேன். சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு பையன் அப்பாவோடு வந்தான். "நானே அடிச்சுக்கறேன் சார்" என்று உட்கார்ந்தான்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், மிஷினில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்து. விசிறியும் (கி-யின் மேல்வளைவு) புள்ளியும் அப்படித்தான் முதலில், அடித்தால் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதன் அடியில் வந்து உட்காரும். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா கண்டுபிடித்த நகரா விசை அதுதான். பையன் உச்சரிக்கிற வரிசையில் அடித்தான். 'சேதம்' என்பது தாளில் 'சதேம' என்று விழுந்து, புள்ளி தனியே தள்ளி நின்றது. அழிக்கிற விசை எங்கே என்று தேடினான் பாருங்கள், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திண்ணையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவன் தாளை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

பண்ருட்டிப் பக்கம் அவர்களுடைய முந்திரித் தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்று மறுநாள்தான் கேள்விப்பட்டேன். அப்பா திரும்பி வந்து கையால் எழுதின மனுவைக் காட்டி, "இது போதுமா சார்" என்று என்னிடமே கேட்டார். நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

டூமாஸ்_வீதி_டெம்ப்:

உங்களுக்காவது மனமறிந்து மாற்றியது. எனக்குத் தெரியாமலே மாறிவிட்டது.

ஒயிட் டவுனில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் ஓர் ஆபீஸில் மூன்று மாத டெம்ப்ரவரி வேலை. முதல் நாள், கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டும். அம்மா பேரை வைத்து நானே ஆங்கிலத்தில் போட்ட கடவுச்சொல், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். தப்பு என்றது. மறுபடியும் தப்பு. திரையில் வெறும் கரும்புள்ளிகள், என்ன விழுகிறது என்றே தெரியாது. மூன்றாவது தடவை பூட்டிக்கொண்டது.

குனிந்து பார்த்தால் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ. எம் என்பது எல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. எண் வேண்டுமென்றால் ஷிப்டைப் பிடிக்க வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் ஷிப்ட். நான் அம்மா என்று அடித்ததெல்லாம் கியூ, கமா, கமா, கியூ என்று விழுந்திருக்கிறது. பக்கத்து சீட்டு அக்கா, "அஸெர்ட்டிப்பா, பிரான்ஸ் கீபோர்டு, சொல்லலையா யாரும்?" என்றார். யாரும் சொல்லவில்லை. அன்று மாலை வரைக்கும் அன்லாக் செய்ய ஆள் வரவில்லை. முதல் நாள் முழுக்க பைல்களைத் துடைத்து அடுக்கினேன்.

இன்றைக்கும் எந்தப் புது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் முதலில் ஏ எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் போகும்.

கோல்மேக்_லாஸ்பேட்டை:

நான் ஆங்கிலத்துக்குக் கோல்மேக் என்ற வேறு எழுத்து வரிசை. ஒரு தீபாவளிக்கு முத்தியால்பேட்டையில் மாமனார் தன் லேப்டாப்பைக் கொடுத்து ஒரு மெயில் அடிக்கச் சொன்னார். எல்லாரும் அடிக்கிற பழைய குவெர்ட்டி வரிசை. ஒற்றை விரலால் கொத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாப்ளே, கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கறீங்க?" என்றார். அவ்வளவுதான் கதை.

ஆனால் இங்கே எல்லாரும் செய்த தப்பு ஒன்றுதான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கெடிலக்கரை அக்கா, கடை நடக்கும்போது மாறவே கூடாது. கடையில் பழையதையே அடித்துக்கொண்டு, வீட்டில் ராத்திரி இருபது நிமிடம் புதியதைப் பழக வேண்டும். புதியது பழைய வேகத்தில் பாதியைத் தொட்ட பிறகு ஒரு நீண்ட விடுமுறையில் முழுக்கத் தாவ வேண்டும். பொங்கல் நல்ல சமயம். ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தால் இரண்டும் கெடும் என்பார்கள். எனக்கு முதல் மூன்று வாரம்தான் கெட்டது.

அடுத்தது, கீழே பார்க்காதீர்கள். விசைமேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் அங்கேயே போகும். படத்தைப் பிரிண்ட் எடுத்துத் திரைக்கு அருகில் ஒட்டுங்கள். ஆங்கிலத்துக்கு மாறுகிறவர்கள் நேரே டிவோராக் வரிசைக்குப் போகாதீர்கள். 1936-ல் காப்புரிமை வாங்கின பழைய சரக்கு, உயிரெழுத்தெல்லாம் இடது கையில், தமிழ் 99 மாதிரியே அழகாகத்தான் இருக்கும். ஆனால் காப்பி, பேஸ்ட் விசைகள் எல்லாம் ஊர் மாறிவிடும். கோல்மேக் 2006-ல் வந்தது, குவெர்ட்டியிலிருந்து 17 விசைகள்தான் இடம் மாறும். இசட், எக்ஸ், சி, வி இருந்த இடத்திலேயே இருக்கும். கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் பேக்ஸ்பேஸ். தப்பு அடிக்கிறவனுக்கு அது ஒன்றே போதும்.

கைவலிக்கு விசைப்பலகை மட்டும் காரணம் இல்லை. நாற்காலி உயரம் பாருங்கள். முழங்கை மேசைக்குச் சமமாக இருக்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. பின்னாலுள்ள மடக்குக் காலை நிமிர்த்தி வைக்கிறார்களே, அதை மடக்கிவிடுங்கள். அப்புறம்...

உப்பளம்_உதயா:

அண்ணே, அப்புறம் வேண்டாம். அக்கா வழி கேட்கவில்லை, பாட்டியைப் பற்றிச் சொன்னார்.

மாறினால் வேகம் கூடும் என்று சத்தியம் செய்கிறவர்களுக்கும் ஒன்று. டிவோராக் வைத்து அமெரிக்கக் கடற்படை 1944-ல் செய்த சோதனை ஆகா ஓகோ என்றது. 1956-ல் அங்கேயே அரசாங்கத்துக்காக ஸ்டிராங் என்பவர் செய்த சோதனையில், பழைய ஆட்களுக்குப் புதியதைக் கற்றுத்தர ஆகும் நேரத்தில் பழையதிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்தால் போதும் என்று வந்தது. ஆங்கிலத்தில் லாபம் இழுபறிதான். தமிழில் கதை வேறு, ஷிப்ட் விசையே பாதி மிச்சம். தமிழ் 99-ல் ஸ, ஷ, ஜ, ஹ மாதிரி கிரந்தம், ஆய்தம் என்று சிலவற்றுக்குத்தான் ஷிப்ட். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

யளனகப சார், நீங்கள் கொம்பை முதலில் அடிப்பது இரும்புக்காக. கம்ப்யூட்டருக்கு எதற்கு அந்த வேண்டுதல்? நாம் 'கெ' என்று சொல்லும்போது எ முன்னாலா வருகிறது?

எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. தம்பிதான் மாறினான்.

யளனகப_ஹையர்:

அனுபவம் இல்லை என்று கடைசி வரியில் சொன்னதற்கு நன்றி.

புள்ளி_மேடு:

ஸ்டிக்கர் என்றதும் ஞாபகம் வந்தது. எனக்குப் பார்வை கிடையாது. வில்லியனூரில் ஒரு டேட்டா என்ட்ரி சென்டரில் வேலை. எந்தக் கீபோர்டிலும் எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துத்தான் நாங்கள் மற்றதைப் பிடிப்போம். தமிழ் 99-ல் எஃப்தான் புள்ளி. புள்ளியைத் தொட்டே புள்ளி வைப்பது எனக்குப் பிடித்திருந்தது, சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் காலையில் உட்கார்ந்து வழக்கம்போலத் தட்டினேன். அம்மா என்று அடித்தால் ஹெட்போனில் 'இத்தீ' என்கிறது. மறுபடி அடித்தேன், 'இத்தீ'. விரல் முழுவதும் ஒரு விசை வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. தடவிப் பார்த்தால் எல்லாமே வழவழ. புதிதாகச் சேர்ந்த பெண், எல்லாரும் தமிழ் 99-க்கு மாறுகிறார்களே என்று ஞாயிற்றுக்கிழமை தன் கைக்காசில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி எல்லாக் கீபோர்டிலும் ஒட்டியிருக்கிறது. என்னுடையதை விட்டுவிட்டால் நான் வருத்தப்படுவேனாம். "உங்களுக்கும் நல்லாருக்குல்லண்ணா?" என்று கேட்டது. நல்லாருக்கும்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு எஃப், ஜே இரண்டை மட்டும் நகத்தால் உரித்தேன். மறுநாள் வந்தால் இரண்டும் திரும்ப ஒட்டியிருந்தன. "பசை சரியில்லண்ணா, பெவிகுவிக் போட்டுட்டேன்."

டூமாஸ்_வீதி_டெம்ப்:

ஐயோ. அப்புறம் என்ன செய்தீர்கள்?

புள்ளி_மேடு:

ஊசியால் ஸ்டிக்கர் மேலேயே பெவிகுவிக்கில் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்ததும் மேடாகிவிட்டது. பழைய மேட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்தப் பெண்ணிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உப்பளம்_உதயா:

கெடிலக்கரை அக்கா, பாட்டி திரும்ப வந்தாரா?

கெடிலக்கரை:

வந்தார், மூன்று மாதம் கழித்து. பணம் வர ஆரம்பித்துவிட்டதாம், எனக்கு ஒரு பை நிறைய நாவல்பழம். ஆதார் அட்டை ஜெராக்ஸ் இரண்டு எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். புள்ளி இருந்தது.

யளனகப சார், நீங்கள் சொன்னதற்குப் பதில் வைத்திருந்தேன். அந்த முந்திரித் தோப்பைப் படித்த பிறகு எழுதத் தோன்றவில்லை.

பாகூர்_ஜூஸ்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஜூஸ் கடை விலைப் பட்டியல் நானே அடிக்கலாம் என்று நேற்று தமிழ் 99 போட்டேன். பப்பாளி வரவே மாட்டேன் என்கிறது. எப்படி அடித்தாலும் முதல் எழுத்திலேயே புள்ளி வந்து உட்காருகிறது.

கெடிலக்கரை:

ப, அ, ப, ப, ஆ, ள, இ. முதல் ப-வுக்கு அப்புறம் அந்த அ-வைத் தட்டுங்கள், புள்ளி வராது.