1989 எஸ்.பி.எம். குழு ஒன்றுகூடல்: மூன்றாம் படிவத்தோடு நின்றவர்களையும் அழைப்பதா?

செயலாளர்89 எழுதியது:

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் 1989-ஆம் ஆண்டு, இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ (ஐந்தாம் ஆண்டு) இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய நம்மில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஐம்பத்தைந்து வயதைத் தொடுகிறோம் என்பதால், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் தங்கும் விடுதி ஒன்றில் இரவு விருந்து நடத்த ஏற்பாட்டுக் குழு முடிவு செய்தது. அறிவிப்பு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வெளியான அன்று மாலையே சர்ச்சை தொடங்கிவிட்டது. "ஐந்தாம் படிவத்தை முடித்தவர்களுக்கு மட்டும்" என்ற ஒரே வரிதான் அதற்குக் காரணம். காலை வணக்கப் படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் நடுவே நிதானமாக எதையும் பேச முடியாது என்பதால் இந்த இழையைத் தொடங்கியிருக்கிறேன்.

குழுவின் நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஒன்றுகூடலுக்கும் ஓர் எல்லை வேண்டும். எஸ்.பி.எம். எழுதியவர்களின் பெயர்ப்பட்டியல் நம் கையில் இருக்கிறது. கடைசி ஆண்டு வகுப்புப் படமும் இருக்கிறது. இடையில் நின்றுபோனவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. சிலரை அழைத்துச் சிலரை விட்டுவிட்டால் வரும் மனத்தாங்கலைவிட, தெளிவான எல்லை ஒன்றை வகுத்துக்கொள்வது நல்லது என்று கருதினோம். யாரையும் ஒதுக்கிவைப்பது எங்கள் நோக்கமன்று. தலைக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) என்ற கட்டணமும் பலருக்குச் சுமையாக இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தோம்.

உதிரிப்பழம் எழுதியது:

உங்கள் புலனக் குழுவில் நான் இல்லை. அதிலிருக்கும் என் தோட்டத்துத் தோழி இந்த இணைப்பை அனுப்பிவைத்தார். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு படித்த புகுமுக வகுப்பில் 1984-இல் சேர்ந்து, 1987-இல் மூன்றாம் படிவத் தேர்வான எஸ்.ஆர்.பி. எழுதியவள் நான். அந்தத் தேர்வில் தேர்ச்சி பெறாதவர்கள் அரசாங்கப் பள்ளியில் நான்காம் படிவத்துக்குப் போக முடியாது என்பது அன்றைய விதி. 1993-இல் அதற்குப் பதிலாகப் பி.எம்.ஆர். வந்த பிறகு, மூன்றாம் படிவ முடிவைக் காரணம் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. நான் ஆறு ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால், இதே மதிப்பெண்களோடு உங்கள் பட்டியலில் இருந்திருப்பேன். ஆகவே நீங்கள் வகுத்திருக்கும் எல்லை நட்பின் எல்லையன்று. எப்போதோ கைவிடப்பட்ட ஒரு தேர்வு விதியின் எல்லை.

கட்டணத்தைப் பற்றிச் செயலாளர் கவலைப்பட்டிருக்கிறார். எங்களால் கட்ட முடியுமா முடியாதா என்பதை எங்களிடமே கேட்டிருக்கலாம்.

1988 ஜனவரியில் நீங்களெல்லாம் நான்காம் படிவத்துக்குப் போனபோது நான் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போனேன். 1917-இல் இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தென்னமரம் தோட்டத்தில் பிறந்தவள் நான்; எங்கள் வீட்டுக்கு அது பெருமையாக இருந்ததா என்று கேட்காதீர்கள். குலை வெட்டி விழும்போது சிதறும் பழங்களைக் கோணியில் சேர்க்க வேண்டும். நகக்கண்ணில் முள் ஏறும், எண்ணெய்க் கறை விரலை விட்டுப் போகாது. தோட்டத்துச் சாலை வழியாகப் பள்ளிப் பேருந்து போகும் நேரத்தில் நான் வரிசையின் உட்பக்கமாக நகர்ந்துகொள்வேன். பேருந்தில் இருந்தவர்களில் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு நாளும் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைப்பாள், நான் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். எனக்கு இணைப்பை அனுப்பியவர் அவர்தான்.

ஜூரோங்வாசி எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்து வருந்தினேன். ஆயினும் குழுவின் முடிவை நான் ஆதரிக்கிறேன், காரணம் வேறு.

நம் ஐந்தாம் படிவ வகுப்பில் மலாய் நண்பர்களும் சீன நண்பர்களும் இருந்தார்கள். புலனக் குழுவில் இன்றுவரை அனைவரும் மலாய்மொழியில் பேசிக்கொள்கிறோம். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறோம். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு அந்த நட்பு எளிதாகக் கிடைத்ததன்று. புகுமுக வகுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கினால், மலாய் நண்பர்கள் படித்தே இராத ஓராண்டை நாம் கொண்டாடுவோம். அவர்கள் தேசியப்பள்ளியிலிருந்து நேராக முதலாம் படிவத்துக்கு வந்தவர்கள். நாளடைவில் இது தமிழர்கள் மட்டும் கூடும் நிகழ்வாகிவிடும். அத்தகைய ஒன்றுகூடல் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் எங்கெங்கோ சிதறிப்போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். அங்கே யாரும் யாருடைய சான்றிதழையும் கேட்பதில்லை.

மேலும், எல்லை இல்லாத பட்டியல் எங்கே முடியும் என்பதையும் கேட்கிறேன். முதலாம் படிவத்தில் சில மாதங்கள் மட்டும் படித்துவிட்டு ராவாங்குக்கு மாறிப்போனவரையும் அழைப்பீர்களா?

இரண்டாம்டிவிஷன் எழுதியது:

அழைக்கலாம். அவர் வருவாரானால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

ஜூரோங்வாசி இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்துவிட்டார். எஸ்.ஆர்.பி. விதி தமிழர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கம்பத்திலிருந்து (மலாய்க் கிராமத்திலிருந்து) வந்த மலாய் மாணவர்களிலும், பட்டணத்துக் கடைவீட்டுச் சீன மாணவர்களிலும் மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். நம் பந்துக் குழுவின் இலக்குக் காவலர் நான்காம் படிவத்துக்கு வரவில்லை என்பதை மறந்துவிட்டீர்களா? அவர் கம்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே 1985-இல் முதலாம் படிவத்தில் சேர்ந்த அனைவரும் என்று வைத்துக்கொண்டால், மூவினத்தவரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். புகுமுக வகுப்பைத் தனியாகக் கொண்டாட வேண்டிய தேவையும் எழாது.

பட்டியல் இல்லை என்கிறார் செயலாளர். ஏன் இல்லை என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். ஐந்தாம் படிவ முடிவில் நாம் எல்லோரும் ஆட்டோகிராப் புத்தகம் வைத்திருந்தோம். என்னுடையது இன்னும் இருக்கிறது. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மாறிமாறி வரும் தாள்களில், எல்லோருடைய முகவரியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்: பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), தோட்டம், 45600 பத்தாங் பெர்ஜுந்தை. வீட்டு எண் கூடப் பலருக்கு இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணியோ (எழுத்தர்) மண்டோரோ (மேற்பார்வையாளர்) காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லி நீட்டுவார். அப்பா வேலையை விட்டு நின்றாலோ ஓய்வுபெற்றாலோ தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். தோட்டம் கைமாறினால் அலுவலகமே மாறிவிடும். வீடு போனதும் முகவரியும் போயிற்று. புதிய முகவரிக்குக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப அங்கே யாரும் இல்லை. 1990-களில் நான் எழுதிய தீபாவளி வாழ்த்துகளில் பல என்னிடமே திரும்பி வந்தன. 2007-இல் ஊரின் பெயரும் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது.

எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு இந்த இழப்பு ஓரளவு ஈடாயிற்று. ஆறாம் படிவம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அரசாங்க வேலை என்று எங்கே போனாலும் தொடர்ந்துவரும் ஒரு பதிவு இருந்தது. பின்னர் முகநூலில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக்கொண்டோம். பதினாறு வயதில் ஷா ஆலம் தொழிற்சாலைக்கும், ராவாங் கடைகளுக்கும், சிங்கப்பூர்க் கட்டுமான இடங்களுக்கும் போனவர்களை நம்மோடு இணைத்துவைக்க எதுவும் இருக்கவில்லை. அப்படியிருக்க, பட்டியல் இல்லை என்பதையே அவர்களை அழைக்காமைக்குக் காரணமாகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தேடுவதற்கு வழி இருக்கிறது. ஜூரோங்வாசியே அதைச் சொல்லியும்விட்டார்: திருவிழாக்களில் ஆளுக்கொரு தோட்டமாகப் பொறுப்பெடுத்துக்கொண்டு விசாரித்தால், யாருடைய தங்கை எங்கே இருக்கிறார் என்பதிலிருந்து நூல் பிடித்துப் போய்விடலாம்.

லோரிக்காரன் எழுதியது:

அழைப்பதா வேண்டாமா என்று இரு தரப்பும் வாதிடுகிறீர்கள். அழைக்கப்படுகிறவனின் விருப்பம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் மூன்றாம் படிவத்தோடு நின்றவன்தான். இன்று சொந்தமாக லோரி வைத்துத் தொழில் செய்கிறேன். எவருடைய இரக்கமும் எனக்குத் தேவையில்லை. சென்ற ஆண்டு உங்கள் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தை ஏற்றி, "இவனை நினைவிருக்கிறதா?" என்று கேட்டு, அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்களைப் போட்டிருந்தீர்கள். ஒருவர் அதை எனக்கே அனுப்பிவைத்தார். இரண்டாம் படிவத்தில் மலாய் வாசகத்தைப் படிக்கத் தெரியாமல் நான் மேசைமீது நிறுத்தப்பட்டபோது எடுத்த படம் அது. மழை நாளில் தோட்டத்து லோரியில் உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தது, சுண்ணம் பூசிய காலணி நனைந்து கால்சட்டை விளிம்பெல்லாம் வெள்ளையாகத் தெறித்தது, இவற்றையெல்லாம் நீங்கள் இனிய நினைவுகளாகப் பகிர்கிறீர்கள். அந்தக் காலணியை ஆண்டு முழுவதும் மாற்ற வழியில்லாதவனுக்கு அது அவ்வளவு இனிப்பாக இருக்கவில்லை.

எனக்கு யார்மீதும் கோபமில்லை. என் பெயரையும் படத்தையும் எண்ணையும் என்னிடம் கேட்காமல் எந்தக் குழுவிலும் போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தேடிக் கண்டுபிடிப்பது நல்ல செயல் என்று இரண்டாம்டிவிஷன் நினைக்கிறார். சிலர் தேடப்பட விரும்பாமலும் இருக்கலாம்.

உதிரிப்பழம் எழுதியது:

லோரிக்காரன் அண்ணே, படத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதைப் போட்டவர் முதலில் நீக்கிவிட்டு, பிறகு இந்த விவாதத்துக்கு வரட்டும். ஆனால் உங்களுக்கு விருப்பமில்லை என்பதற்காக, எங்களையும் அழைக்காமல் விட்டுவிடலாம் என்று இவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வரமாட்டேன் என்று சொல்வதற்கும் முதலில் ஓர் அழைப்பு வந்தாக வேண்டும்.

ஜூரோங்வாசி எழுதியது:

முதலாம் படிவத்தைத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்ற யோசனையில் நியாயம் இருக்கிறது. மலாய் நண்பர்களைப் பற்றிய என் அச்சத்துக்கு அது விடையளிக்கிறது. எனினும் விருந்தை விடுதியிலிருந்து ஊர் மண்டபத்துக்கு மாற்ற வேண்டும் என்று இனி யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் இரவில் எங்கே தங்குவது? எல்லோரும் ஒரே மேசையில் அமர வேண்டுமானால் ஹலால் சமையற்கூடம் வேண்டாமா?

இரண்டாம்டிவிஷன் எழுதியது:

தங்குவதற்குக் கோலாலம்பூரில் அறை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஊருக்கு வரலாம். அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். சமையலை மலாய்க்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தால் ஹலால் சிக்கல் தீர்ந்தது. மலாய் விருந்தான கெண்டுரிக்குச் சமைப்பவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சைவக்காரர்களுக்குத் தனியே வாழையிலைச் சாப்பாடு சொல்லிவிடலாம். கட்டணமும் பாதிக்கு மேல் குறையும். விடுதி வேண்டும் என்பவர்கள் வசதிக்காக வேண்டும் என்று சொல்லுங்கள். ஹலாலை முன்னே நிறுத்த வேண்டாம்.

கணக்குப்புலி எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. இப்போது விருந்துப் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. அவர் நாணயமானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவ உதவி நிதி ஒன்றையும் தொடங்கப் போவதாகக் கேள்விப்படுகிறேன். அவ்வாறாயின் முறையாகச் சங்கம் பதிந்துவிடுங்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டவிதிகள் எழுதும்போது உறுப்பினர் யார் என்பதையும் எழுதியாக வேண்டும். இங்கே நடக்கும் சண்டையும் அதில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். உதவி கொடுப்பதைப் படம் பிடித்துப் போடும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

செயலாளர்89 எழுதியது:

அந்தப் படத்தை நேற்றிரவே நீக்கச் சொல்லிவிட்டேன், நீக்கியாயிற்று. இனி யாருடைய பெயரையும் எண்ணையும் அவரைக் கேட்ட பிறகே சேர்ப்போம்.

குழுவில் மற்றவர்களோடு பேசினேன். விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே சனிக்கிழமை இரவு விருந்தை எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு என்று அறிவித்தபடியே நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் பொது மண்டபத்தில், 1985-இல் முதலாம் படிவத்தில் சேர்ந்த அனைவருக்கும் இலவசத் தேநீர் விருந்து வைக்கலாம் என்பது குழுவில் பெரும்பாலோர் கருத்து. சங்கப் பதிவை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூரோங்வாசி எழுதியது:

இது எல்லோருக்கும் ஏற்ற சமரசம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம்டிவிஷன் எழுதியது:

எனக்கு ஏற்பில்லை. முன்பணம் கட்டியது விடுதிக்குத்தானே. விருந்தினர் யார் என்று விடுதிக்காரர் கேட்கப் போவதில்லை. அறிவிப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

உதிரிப்பழம் எழுதியது:

இரவு விருந்து ஒரு பட்டியலுக்கும், மறுநாள் இலவசத் தேநீர் இன்னொரு பட்டியலுக்கும் என்றால், பேருந்தில் போனவர்கள் ஒரு பக்கமும் கோணியோடு நின்றவர்கள் மறுபக்கமுமாக நம்மை மறுபடியும் பிரித்துவைக்கிறீர்கள். அந்தத் தேநீருக்கு நான் வரமாட்டேன். இரவு விருந்துக்கு வருகிறேன். எனக்கு கைகாட்டிய தோழியின் பக்கத்து நாற்காலியை எனக்கு ஒதுக்குமாறு அவரிடமே சொல்லிவிட்டேன். 150 வெள்ளியை எந்தக் கணக்கில் செலுத்துவது என்பதை மட்டும் பொருளாளர் தெரிவிக்கட்டும்.