மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் மொறிஸ் மைனர்: உங்கள் வீட்டுக் காரின் கதையையும் சொல்லுங்கள்

எங்கள் வயது ஆட்கள் கூடும் கல்யாண வீடு, செத்த வீடு எதுவானாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கதை வந்துவிடும். "அந்த நாளிலை யாழ்ப்பாணத்திலை கார் மண்ணெண்ணெயிலை ஓடினது, தெரியுமே?" கேட்கும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் எரிச்சல் வரும். மண்ணெண்ணெயில் ஓட்டியது பெரிய காரியமே இல்லை, ஒரு கிழமையில் பழகிவிட்டது. ஒரு பிளக், பிளக்கில் நெருப்புப்பொறி வர வைக்கும் ஒரு பொயின்ற் செற், ஒரு ரப்பர் வாசர்கூட ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில் ஐந்து வருடம் அதே காரை ஓட வைத்தார்களே, அதுதான் காரியம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சரி, நானே தொடங்குகிறேன்.

அப்பா மானிப்பாயில் ஹயர் கார் ஓட்டினார். 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி என்ஜின். 1990 தொடக்கத்தில் அதை விற்றுவிட்டு ஒரு ஜப்பான் கார் எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மீண்டும் தொடங்கியது. கரண்ட் போனது, தெற்குக்குப் போகும் பாதை போனது. பெற்றோல், பற்றரி, வாகனச் சாமான், சீமெந்து எல்லாம் அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் ஏறின. சில மாதங்களில் ஊரிலிருந்த ஜப்பான் கார்கள் கல்லுக்கு மேல் ஏற, மாட்டுக்கொட்டிலில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வெளியே வந்தன.

பழைய இங்கிலீஸ் கார்களுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஒத்துப்போனதற்குக் காரணம் உண்டு. அவற்றில் கொம்பிறசன், அதாவது பிஸ்ரன் காற்றை அமுக்கும் அளவு, குறைவு. கூடின என்ஜினுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். இன்னொன்று, மைனரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். புகைக் குழாயின் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும். அந்தச் சூடு வரும் வரைக்கும்தான் பெற்றோல் வேண்டும். அப்பா பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய், மருந்து சொட்டுவதைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னச் சில்லோடு. காரைப் பார்த்தால் வாட்டில் படுத்திருக்கும் நோயாளி மாதிரியே இருக்கும். பற்றரியில் கொயிலுக்குக் காணுமான கரண்ட்தான் இருந்தது, ஸ்டார்ட்டரைச் சுற்ற வலு இல்லை. ஆகவே முன்னால் ஹாண்டிலைப் போட்டு நான் சுற்றுவேன். நாலு நிமிடம் பெற்றோலில் ஓடும், பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிற்பாட்டுவதற்கு முன்னும் கொஞ்சம் பெற்றோலைக் குடிக்க வைத்தால்தான் அடுத்த நாள் எழும்பும். இதை மறந்தால் காலையில் என் தோள்மூட்டு கழன்றுவிடும்.

அவ்வளவுதான் மண்ணெண்ணெய்க் கதை. இனித்தான் கஷ்டம்.

முதலில் என்ஜின் எண்ணெய். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் வழக்கமாக எண்ணெய் குறைந்திருக்கும். எங்களுடையதில் கூடியிருக்கும்! எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டி அடியில் இறங்கிவிடும். எண்ணெய் தண்ணீராகிவிட்டால் பெயரிங் போய்விடும். மாற்றுவதற்குப் புது எண்ணெய் ஏது? அப்பா பழைய எண்ணெயை இறக்கி, வேட்டித் துண்டில் வடித்து, கிணற்றடிக்குப் பின்னால் மூன்று கல் வைத்துத் தணலில் சுட வைப்பார், மண்ணெண்ணெய் பறக்கட்டும் என்று. அடுப்படியில் ஒருமுறை செய்யப் பார்த்து அம்மா அகப்பையோடு கலைத்ததால்தான் கிணற்றடி. யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள், வீடு எரிந்துவிடும்.

பிளக் கரி பிடித்து மூன்று நாளுக்கொருமுறை கழற்ற வேண்டும். பொயின்றை நெருப்புப்பெட்டிக் கரையால் உரஞ்சுவோம். உரஞ்சி உரஞ்சி அது பல்லுக் கழன்ற கிழவனின் வாய்போல் ஆனது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்றிபியூற்றரின் மூடிக்குள் இருக்கும் கரித்துண்டு தேய்ந்தபோது, செத்துப்போன ரோச் பற்றரியை உடைத்து அதன் நடுக்கரியை அராவிப் போட்டார். இரண்டு வருடம் ஓடியது. பொயின்ற் செற் ஒன்று 1993இல் எங்கள் பெரியம்மாவோடு கிளாலிக் கடலைக் கடந்து வந்தது, பாதை மூடியிருந்ததால் சனம் அந்த வழியால்தான் வள்ளத்தில் வந்துபோனது. முகத்துக்குப் போடும் பவுடர் டின்னுக்குள், பவுடருக்கு அடியில். வள்ளத்தில் இரவிரவாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மனுசி, இறங்கியதும் டின்னைத்தான் முதலில் நீட்டினாவாம். அப்பா அதைப் பூட்டாமல் ஒரு மாதம் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பழையது சாகும்வரை புதியதைத் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

மைனரின் எரிபொருள் பம்ப் கரண்டில் அடிக்கும் பம்ப். டிக் டிக்கென்று கேட்கும். அது நின்றால் ஸ்பானர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப அடிக்கும். ஒருநாள் எவ்வளவு தட்டியும் அடிக்கவில்லை. அன்றிலிருந்து கார்க் கூரையில் ஒரு சின்னக் கானைக் கட்டி, குழாயை நேரே கார்பரேட்டருக்கு இறக்கிவிட்டோம். மேலேயிருந்து தானாக இறங்கும், கரண்டே வேண்டாம். பம்பைவிட அது நன்றாக வேலை செய்தது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் எங்களைக் கவிழ்த்தது இவை ஒன்றுமே இல்லை. கிறீஸ்.

மைனர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். முன் சில்லைத் தாங்கும் கால், அடியில் ஒரு திருகுப் புரியில்தான் நிற்கிறது. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரி சுற்றும். கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேயும், தேய்வது வெளியே தெரியாது. தேய்ந்து முடிந்தால் கால் கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதுதான் நடக்கும். கிறீஸ் இல்லாத காலத்தில் அப்பா பழைய கியர் எண்ணெயைச் சிரிஞ்சால் ஏற்றிக்கொண்டிருந்தார். காணவில்லை.

ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மருதடிப் பிள்ளையார் கோயிலடி ஒழுங்கைக்குள் கார் வளைகிறது. ஓடிப்போகும் சுண்டெலிக்குக்கூட வழிவிடும் வேகம். 'கடக்' என்று ஒரு சத்தம், கார் இடது பக்கமாக மண்டியிட்டது. உள்ளே மாப்பிள்ளை தலைப்பாகை கண்ணை மறைக்க இருக்கிறார். நாதஸ்வரக்காரர் என்ன நடந்ததென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே முன்னே போய்விட்டார். மாப்பிள்ளை மிச்சத் தூரத்தை நடந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை, மடங்கிய சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து புரியை விரலால் தடவிப் பார்த்தார். மொட்டை.

சண்டிலிப்பாயில் ஓடாத ஒரு மைனர் இருந்தது. மகன் கனடாவுக்குப் போய்விட்டார், ஆச்சி தனியே. மற்றவர்கள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தார்கள். "என்ரை பிள்ளை வந்து ஓடுவான்" என்று ஒரு ஆணிகூடக் கொடுக்கவில்லை. அப்பா மூன்று முறை போனார். நாலாம் முறை ஆச்சி சொன்னா: "தம்பி, கடனாய்க் கொண்டுபோ. சாமான் சாமானாய்த் திரும்பி வரவேணும்." காசு வாங்கவில்லை. ஆச்சியின் காருக்குக் கல் முண்டுகொடுத்துவிட்டு, இடது காலைக் கழற்றிக்கொண்டு சைக்கிள் கரியரில் கட்டி வந்தோம்.

இப்போது உங்கள் முறை.

*

அண்ணை, எங்களுடையது ஒஸ்ரின் ஏ40 சமர்செற். நெல்லியடி. கியர் ஸ்ரியறிங்கோடு இருக்கும். நீங்கள் பிறேக்கை மறந்துவிட்டீர்கள். பிறேக் ஒயில் இல்லாமல் எத்தனை பேர் என்ஜின் எண்ணெயை ஊற்றிக் கெடுத்தார்கள்! அது ரப்பரை ஊத வைத்துவிடும், பிறேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். எங்கள் ஐயா ஆமணக்கெண்ணெய் ஊற்றினார். பழைய ரப்பருக்கு அது ஒன்றும் செய்யாது. வயிற்றுக்குக் குடிக்க வைத்திருந்த போத்தல்தான். எங்களுக்குப் பேதி குடுக்கிற கஷ்டம் தப்பியது என்று நாங்கள் சந்தோசப்பட்டோம்.

*

நான் அப்போது கொக்குவிலில் ஒரு லேத் பட்டறையில் கையாள். கரண்ட் இல்லைத்தானே, தோட்டத்துக்கு இறைக்கும் வோட்டர் பம்ப் என்ஜினைக் கொண்டுவந்து பெல்ற் போட்டு லேத்தைச் சுற்றினோம். அதுவும் மண்ணெண்ணெய்தான். கார்ச் சாமான் கடைய இரும்பு கிடைக்கும், பித்தளைதான் கிடைக்காது. ஒருவர் உடைந்த குத்துவிளக்குத் தண்டைக் கொண்டுவந்து புஷ் கடையச் சொன்னார். முதலாளி விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் லேத்தில் பூட்டினார். இன்னொரு விசயம், தட்டுச் சத்தம் குறைய, பிளக்கில் பொறி கொஞ்சம் பிந்தி விழும்படி டிஸ்றிபியூற்றரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டிப் பிஸ்ரனை ஓட்டையாக்கியவர்கள் எங்களிடம் அழுதுகொண்டு வருவார்கள்.

*

லண்டனில் இருந்து எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே மைனர் வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர் புது மட்கார்டைக் காட்டி, "உங்கள் நாட்டில் செய்தது" என்றார். நான் நம்பவில்லை. பிறகு விசாரித்தால் உண்மை. அதே காலத்தில் இலங்கையின் தெற்கில் மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். வடக்கில் நாங்கள் பவுடர் டின்னுக்குள் பொயின்ற் கடத்தியிருக்கிறோம். சிரித்தேன், வேறென்ன செய்ய.

*

எனக்கு அந்தக் காலம் தெரியாது, 2022 தெரியும். வவுனியா, மாருதி 800. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றது, பிறகு டொலர் இல்லை, சாமானும் இல்லை. கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்ததை விடுங்கள். கிளச் பிளேற் ஒன்றுக்கு மூன்று கிழமை காத்திருந்து, கடைசியில் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய காரில் கழற்றின சாமான்தான் கிடைத்தது. உங்கள் கதைக்கு முன்னால் இது தூசு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும் அண்ணை: ஆச்சியின் கடன் என்ன ஆனது?

*

கேட்பீர்கள் என்று தெரியும்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் நெருங்க, மானிப்பாயும் அடங்கிய வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. எங்கள் காரில் அப்பம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சி, சாமான் மூட்டைகள். நாங்கள் காரோடு நடந்தோம். நாவற்குழிப் பக்கம் சனம் நெருக்கி அடித்து ஒரு அடி போக ஒரு மணித்தியாலம். சேலைன் போத்தலில் பெற்றோல் முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய் இருந்தது, ஆனால் என்ஜின் நின்று ஆறினால் திரும்ப எழும்பாது. ஆகவே விடிய விடிய நிற்பாட்டவில்லை. றேடியேற்றர் கொதிக்கும், நான் மழைத்தண்ணீரை ரின்னில் பிடித்து ஊற்றுவேன். மீசாலை போய்ச் சேரும்போது சைலன்ஸர் விழுந்திருந்தது. ஆச்சியின் கால் நின்றது.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஆச்சியின் மைனர் கூடு மட்டும்தான் இருந்தது. சில்லு, கதவு, சீற் எல்லாம் போய்விட்டன. அப்பா முண்டுகொடுத்த கற்கள் மட்டும் அப்படியே இருந்தன. இனி எதற்குக் கொடுப்பது என்று நான் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

2002இல் சண்டை நின்று தெற்குக்குப் பாதை திறந்ததும் அவர் கொழும்புக்குப் போனது அதற்காகத்தான். வேறு சாமானும் வாங்கினார், அது வேறு கதை. புதுக் காலை எங்கள் காரில் பூட்டிவிட்டு, ஆச்சியுடையதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புரி முழுக்கக் கிறீஸ் பூசி, உதயன் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆச்சிக்குக் கண் தெரியாது அப்போது. மடியில் வைத்துப் பேப்பரைப் பிரித்து, விரலால் புரியைத் தடவிப் பார்த்தா.

"இது இடதுபக்கமே தம்பி?"

"ஓம் ஆச்சி, இடது."

திரும்பச் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் அலுமாரிக்குள் வைக்கச் சொன்னா. கிறீஸ் பட்டுவிடும் என்று அப்பா தயங்க, "பட்டால் படட்டும்" என்றா.