தென்கொரியாவில் இராணுவச் சட்டம்: அந்த நள்ளிரவில் மக்கள் ஏன் வெளியே வந்தார்கள்?

நெடுவழி (கேள்வி):

2024 டிசம்பர் 3 அன்று இரவு பத்தரை மணியளவில் தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி, வடகொரிய ஆதரவுச் சக்திகளிடமிருந்து நாட்டைக் காப்பதாகக் கூறி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பதினோரு மணிக்கு நடப்புக்கு வந்த முதல் ஆணை நாடாளுமன்றம், கட்சிகள், பொதுக்கூட்டங்கள் அனைத்தையும் தடைசெய்து, ஊடகங்களை இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் விடிவதற்குள் அவரே அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. இராணுவம் தெருவில் இறங்கினால் கதவைத் தாழிட்டுக்கொள்வதுதான் உலகெங்கும் மக்களின் வழக்கம். அப்படியிருக்க, தடை நடப்பில் இருக்கும்போதே ஆயிரக்கணக்கானோர் நாடாளுமன்ற வாசலுக்குச் சென்றது எப்படி? எதிர்க்கட்சித் தலைவர் அழைத்தார் என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சுவோன்வாசி:

நான் இங்கே ஆய்வுப் பணியில் இருக்கிறேன். பனிப்பொழிவுக்கும் வெப்ப அலைக்கும் கைப்பேசிக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்புகிற அரசு, அன்றிரவு ஒரு வரிகூட அனுப்பவில்லை. தொலைக்காட்சியையும் காகாவோடாக் என்ற குறுஞ்செய்திச் செயலியின் குழுக்களையும் பார்த்தே மக்கள் தெரிந்துகொண்டார்கள். முதலில் போலிக் காணொளி என்று நினைத்தவர்களும் உண்டு.

ஆனால் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சொல் கேட்டவுடனேயே 1980 நினைவுக்கு வந்துவிட்டது. 1979 அக்டோபரில் அன்றைய அதிபர் பார்க் சுங் ஹீ கொல்லப்பட்டபோது அறிவிக்கப்பட்ட இராணுவச் சட்டத்தை, 1980 மே 17 அன்று இராணுவத் தளபதி சுன் டூ ஹ்வானின் குழு நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. அரசியல் நடவடிக்கைகள் தடைசெய்யப்பட்டன, நாடாளுமன்றத்தைப் படையினர் அடைத்தார்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் குவாங்ஜு நகரில் எதிர்த்து நின்ற மாணவர்கள் மீது வான்குடைப் படையினர் ஏவப்பட்டார்கள். அடுத்த பத்து நாட்களில் அந்நகரம் கொடுத்த உயிர்களின் கணக்கு இன்றும் முழுமையாகத் தீரவில்லை. 1987இல் மக்களாட்சி மீண்ட பிறகு, யூனுக்கு முன், எந்த அதிபரும் இந்த அதிகாரத்தைத் தொட்டதில்லை. எனவே, நாடாளுமன்றம் அடைக்கப்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இளையவர்கள் அதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறார்கள், பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம்பிரிவு:

மேலே உள்ள விளக்கத்தோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரிய அரசியலமைப்பின் 77ஆவது பிரிவின்படி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கோரினால் அதிபர் இராணுவச் சட்டத்தை விலக்கியே ஆகவேண்டும். உறுப்பினர்கள் 300 பேர். ஆக 151 பேர் அவைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். அன்றிரவு மக்களின் கோபத்துக்கு இப்படி ஒரு தெளிவான வேலை கிடைத்தது. முழக்கமிடுவதோடு நிற்காமல், உறுப்பினர்களை உள்ளே அனுப்புவதிலும் படையினரின் வழியை அடைப்பதிலும் அவர்கள் இறங்கினார்கள்.

காவல்துறை வாயில்களை மூடியிருந்ததால் எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங் மதிலேறிக் குதித்தார், அதைத் தம் கைப்பேசியிலேயே நேரலையாகவும் காட்டினார். 67 வயதான அவைத்தலைவர் வூ வொன் சிக்கும் மதில் ஏறித்தான் உள்ளே போனார். ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சிறப்புப் படையினர் சன்னல்களை உடைத்து நுழைந்தபோது, உறுப்பினர்களின் உதவியாளர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கி வழியை மறித்து, தீயணைப்பான்களைப் பீய்ச்சித் தடுத்தார்கள். அவைக்குள் இருந்தவர்கள் உடனே வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி அவசரப்படுத்தியும், தீர்மானம் முறைப்படி பதிவாகும்வரை அவைத்தலைவர் காத்திருந்தார். பிற்பாடு எவரும் குறை சொல்லிச் செல்லாததாக்க முடியாதபடி அவர் காட்டிய அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நள்ளிரவு ஒரு மணியளவில் வந்திருந்த 190 பேரும் ஒருமனதாக வாக்களித்தார்கள்; அவர்களில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சியினர். அதற்குப் பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் யூன் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்பு முடிந்தும் மக்கள் வாசலை விட்டு நகராததற்கு அதுவே காரணம்.

கீழைக்கடல்:

மூன்றாம்பிரிவு அவர்கள் எழுதியதில் பெரும்பாலானதை ஏற்கிறேன். ஆனால் ‘மக்கள்’ என்று ஒரே சொல்லில் அனைவரையும் அடக்குவது சரியாகாது. டிசம்பர் 7 அன்று ஆளுங்கட்சியினர் வெளிநடப்புச் செய்ததால் முதல் பதவிநீக்கத் தீர்மானம் தோற்றது. அதன் பிறகே குளிரில் கூட்டம் பெருகியது. இசைக்குழு ரசிகர்கள் வைத்திருக்கும் ஒளிக்கோல்களோடு இளம்பெண்கள் திரளாக வந்தார்கள். வர இயலாதவர்கள் பக்கத்துக் கடைகளில் காபிக்கும் உணவுக்கும் முன்கூட்டியே பணம் கட்டி, முகமறியாதவர்களின் பசி ஆற்றினார்கள். டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளோடு தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரம் யூனுக்கு எதிராகத் தலைநகர் சியோலை நோக்கி வந்த உழவர்களின் டிராக்டர்களை நம்தேரியோங் சாலையில் காவல்துறை மறித்தபோதும், அந்த இளம்பெண்கள்தான் இரவு முழுவதும் உழவர்களோடு சாலையில் நின்றார்கள்.

அதே வேளையில் சியோலின் நடுவே உள்ள குவாங்வாமுன் பகுதியில் யூனுக்கு ஆதரவாகவும் பெருங்கூட்டங்கள் நடந்தன. 2025 ஜனவரி 19 அன்று அவருக்குக் கைது ஆணை பிறப்பித்த நீதிமன்றத்துக்குள் ஆதரவாளர்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் நாடாளுமன்றத் தீர்மானத்தை ஒருமனதாக ஏற்று அவரைப் பதவி நீக்கினார்கள். ஆனால் ஜூன் 3 தேர்தலில் அவருடைய கட்சி வேட்பாளருக்கு 41 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு விழுந்தது. வெற்றி பெற்றவர் லீ ஜே மியுங் என்றாலும், அந்த 41 விழுக்காட்டைப் பேசாமல் மக்களின் எதிர்வினையைப் பற்றிப் பேச முடியாது.

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: ஆயுதம் ஏந்திய படையினர் நினைத்திருந்தால் அவையைக் காலிசெய்திருக்க முடியாதா?

சுவோன்வாசி:

முடிந்திருக்கும். அரசியலமைப்பு நீதிமன்றமே தன் தீர்ப்பில், மக்களின் எதிர்ப்பாலும் படையினரும் காவலர்களும் கடமையில் காட்டிய தயக்கத்தாலும்தான் நாடாளுமன்றத்தால் விரைந்து செயல்பட முடிந்தது என்று குறிப்பிட்டிருக்கிறது. அந்தத் தயக்கம் தானாக வந்ததாக நான் கருதவில்லை. துப்பாக்கிக்கு எதிரே வெறுங்கையோடு நின்றவர்களின் முகத்தைப் பார்த்தபோது வந்தது. திரும்பிச் செல்லும்போது மக்களை நோக்கித் தலைவணங்கிய ஒரு வீரரின் காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம். சிறப்புப் படைத் தளபதி குவாக் ஜோங் கூன், உறுப்பினர்களை வெளியே இழுத்துவரும்படி அதிபரே தம்மிடம் சொன்னதாகச் சாட்சியம் அளித்தார். யூன் அதை மறுத்தார். தலைநகர்க் காவல் படையின் கர்னல் ஜோ சுங் ஹியுன், பின்னால் வந்துகொண்டிருந்த தம் படைப்பிரிவிடம் சோகாங் பாலத்தைக் கடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அதே நீதிமன்றத்தில் கூறினார். அந்தப் பாலத்தைக் கடந்தால் நாடாளுமன்றம் இருக்கும் யோயிடோ தீவு.