கேம் கடை மேசையில் உங்களுக்கு மறக்காத மோதல் எது?

பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராக நடித்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களைத்தான் சொல்கிறேன். வீட்டில் நண்பர்களோடு ஆடுவதைப் பற்றி இங்கே கேட்கவில்லை. கேம் கடையில், வாரத்தில் ஒரு நாள், எதிரில் யார் உட்காரப்போகிறார்கள் என்றே தெரியாமல் போய் ஆடியதை மட்டும் சொல்லுங்கள். ஜெயித்த கதைதான் வேண்டும் என்றில்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் முதலில் ஆடியது 2010-இல். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) நான்காம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்த காலம், என்கவுன்டர்ஸ் என்ற கடை ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. புதன்கிழமை மாலை, ஒன்றரை இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஒரே ஒரு மோதல். மீதிக் கதை அடுத்த புதன். கேரக்டர் இல்லாமல் வந்தால் தயாராக அச்சடித்து வைத்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நான் கடைசியாக வந்ததால் மிஞ்சியது கிளெரிக், அதாவது மற்றவர்களைக் குணமாக்கும் பூசாரி. ஏன் மிஞ்சியது என்று பிறகுதான் புரிந்தது. எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை.

எனக்கும்தான். என் முறை வந்தபோதெல்லாம் தண்டாயுதத்தை எடுத்து வீசினேன். இரண்டு முறையும் படவில்லை. அதற்குள் முன்னால் நின்ற குள்ளர் ஃபைட்டர் விழுந்துவிட்டார். மேசையில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஃபைட்டரை ஆடிய பெரியவர், என் அப்பா வயது இருக்கும், கையை நீட்டி என் கேரக்டர் ஷீட்டில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். "இதைப் படித்தீர்களா?" குணமாக்கும் மந்திரம். ஒரு மோதலுக்கு இரண்டு முறை சொல்லலாம். அதிலும் அது சின்ன நடவடிக்கை, அடிக்கிறதை அடித்துவிட்டு அதே முறையிலேயே சொல்லிவிடலாம். இது தெரியாமல் ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்! சொன்னேன், அவர் எழுந்தார், அடுத்த அடியில் எதிரி விழுந்தான். அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. அடுத்த புதன் எனக்கு வேறு மேசை.

கேம் நடத்துபவர் ஒருவர்:

பிளேயராக இல்லை, டி.எம். (கதையை நடத்தி, எதிரிகளை ஆடுபவர்) ஆகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்வென்சர் (எழுதி வெளியிட்ட ஆட்டக் கதை) என்றாலும் இனிமேல் ஆடப்போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை உடையும்.

2014-இல் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்போடு, கடைகளில் ஆடும் அட்வென்சரர்ஸ் லீக் வந்தது. முதல் சீசனின் முதல் அத்தியாயத்திலேயே ஓர் ஊரைத் தாக்கிய படையிலிருந்து பாதி டிராகன் ஒருவன் வெளியே வந்து, பிணைக்கைதிகளை விடுவேன், உங்களில் ஒருவர் என்னோடு தனியாக மோதுங்கள் என்பான். குழுவில் எல்லோரும் முதல் லெவல். ஜெயிக்கவே முடியாது என்றுகூடச் சொல்லலாம். எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ, இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

என் மேசையில் ஐந்து பேர். நான்கு பெரியவர்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பையன். அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம், கேரக்டர் பாலடின், அதாவது புனித வீரன். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே "நான் போகிறேன்" என்றுவிட்டான். அவன் உயிர் 12 ஹிட் பாயின்ட். பாதி டிராகன் மின்னலை ஊதினான். பையன் பாதி தப்பித்தான், மிச்சம் 1. அவன் ஓடவில்லை, தன் மேலேயே கையை வைத்து 5 குணமாக்கிக்கொண்டான். அடுத்த வாள்வீச்சில் விழுந்தான்.

இப்போது சிக்கல். விழுந்தவனை இன்னொரு முறை குத்திவிட்டுத்தான் பாதி டிராகன் போவான் என்று அட்வென்சரில் இருக்கிறது. மயங்கிக் கிடப்பவனைப் பக்கத்தில் நின்று அடித்தால் தானாகவே கிரிட்டிக்கல் (பலத்த அடி). மூன்று மரணத் தோல்வி சேர்ந்தால் சாவு, அதில் இரண்டு ஒரே அடியில் போய்விடும். வீட்டு மேசையாக இருந்தால் அந்த வரியை நான் படிக்காததுபோல் தாண்டியிருப்பேன். ஆனால் அன்று காலையில் இன்னொரு குழுவுக்கு இதே அத்தியாயத்தை நடத்தியிருந்தேன், அங்கே தாண்டவில்லை. பையன் என்பதற்காகத் தாண்டினால் அது அவனுக்கும் மரியாதை இல்லை என்று தோன்றியது. பகடையை என் மறைப்புத் திரைக்கு வெளியே, எல்லோரும் பார்க்க உருட்டினேன். பட்டது. கிளெரிக்கின் முறை வருவதற்கு முன் பையனின் முறை வந்தது. தப்பிக்க 10 வேண்டும், 6 விழுந்தது. மூன்றாவது தோல்வி.

மேசையில் சத்தமே இல்லை. பையன் ஷீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்புறம்?" என்றான்.

அழுவான் என்று பயந்தேன். அவன் கேட்டது நிஜமாகவே அடுத்து என்ன என்று. நல்லவேளை, ஆட்டம் தொடங்குமுன், கேரக்டர் சேரக்கூடிய அமைப்புகளான ஐந்து ஃபாக்‌ஷன்களில் ஒன்றை, அதன் படம் அவனுக்குப் பிடித்துப்போனதால், எடுத்து வைத்திருந்தான். அப்போதைய லீக் விதியில், நான்காம் லெவல் வரை உள்ளவர் ஃபாக்‌ஷனில் இருந்தால் அவர்கள் செலவிலேயே எழுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் 1,250 பொன், முதல் லெவலில் அதற்கு எங்கே போவது? விலை என்னவென்றால், அன்றைய ஆட்டத்தில் சம்பாதித்த அனுபவப் புள்ளி, புதையல் எல்லாம் போகும். வேண்டுமா, புதுக் கேரக்டர் செய்கிறாயா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. கேரக்டரின் கணக்கைக் குறிக்கும் லாக் ஷீட்டில் அவனே எழுதினான்: "செத்தேன். எழுப்பினார்கள்." நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பின் எத்தனையோ லாக் ஷீட் பார்த்துவிட்டேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

இன்னொருவர்:

மேலே டி.எம். எழுதியதற்கு எதிர்க் கருத்து: நான் குத்தியிருக்க மாட்டேன். மோதலைக் குழுவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள லீக்கிலேயே டி.எம்.முக்கு இடம் உண்டு. பரிசில்தான் கை வைக்கக் கூடாது. ஆனால் "அப்புறம்?" என்று கேட்ட பையனை நினைத்தால் நீங்கள் செய்ததும் சரியோ என்று தோன்றுகிறது. சரி, விடுங்கள்.

பாத்ஃபைண்டர் ஆடுபவர்:

வேலை காரணமாக ஊர் ஊராக அலைபவள் நான். பாத்ஃபைண்டர் என்பது டி அண்ட் டி போல இன்னோர் ஆட்டம். 2008-இலிருந்து நடக்கும் அதன் சங்கமான பாத்ஃபைண்டர் சொசைட்டியில் எனக்குப் பிடித்ததே அதுதான்: எந்த ஊர்க் கடையிலும் போய் என் உறுப்பினர் எண்ணைச் சொல்லி உட்காரலாம். ஒவ்வொரு சினாரியோ (தனிக் கதை) முடிந்ததும் நடத்துபவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் குரோனிக்கிள் தாள்தான் என் கேரக்டரின் வரலாறு. மூன்று சினாரியோவுக்கு ஒரு லெவல். அந்தத் தாள்கள் அடங்கிய ஃபைல் என் துணிப்பெட்டியில் எப்போதும் இருக்கும்.

ஒரு முறை அப்படிப் போன கடையில் எதிரில் ஒரு ரோக், அதாவது திருடன் கேரக்டர். நாங்கள் ஒரு காவல் தலைவனிடம் பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இவர் அவன் பையில் கையை விட்டார். மாட்டினார். சண்டை. அது முடிந்ததும் என் பையிலும் கை வைக்கப் பார்த்தார். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்." இந்தப் பேச்சைக் கேட்காத பிளேயர் உலகத்தில் உண்டா?

நடத்தியவர் குரலை உயர்த்தவில்லை. "சங்கத்தின் மூன்று கடமைகள் என்னென்ன, சொல்லுங்கள்" என்றார். ஆராய வேண்டும், அறிக்கை கொடுக்க வேண்டும், அப்புறம் ஒத்துழைக்க வேண்டும். அந்த ஆள் மூன்றாவதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டார். அதன்பின் பூட்டு திறப்பதிலும் பொறி கண்டுபிடிப்பதிலும் அவரைப்போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. கடைசி அறையில் என்னைக் காப்பாற்றியதும் அவர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் முறை எழுதுபவர்:

எனக்குச் சிலந்தி என்றால் நிஜமாகவே ஆகாது. படத்தில்கூடப் பார்க்க மாட்டேன். இந்த ஆட்டத்தில் இரண்டு குகைக்கு ஒரு ராட்சதச் சிலந்தி வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டி.எம். சிலந்தி மினிகளை (சின்ன பொம்மைகளை) எடுத்து மேப்பில் வைத்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஆறு பேர் நடுவில் இதை எப்படிச் சொல்வது?

மேசை நடுவில் எக்ஸ் குறி போட்ட ஓர் அட்டை கிடந்தது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் கொண்டுவந்த முறை, தொட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்று தொடக்கத்தில் சொல்லியிருந்தார்கள். தொட்டேன். டி.எம். எதுவும் கேட்காமல் மினிகளை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நான்கு பாட்டில் மூடிகளை வைத்தார். "இவை நண்டுகள்" என்றார். அதே எண்கள், அதே விஷம். வலைமட்டும் அப்படியே இருந்தது. வலை பின்னும் நண்டு எப்படி என்று ஒருவர் கேட்க, விஸார்ட் ஆடியவர் நண்டின் வாழ்க்கை முறை பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கதை விட்டார். அந்த நண்டுகள் என்னைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டன, அது வேறு விஷயம். மறுவாரமும் போனேன்.

நேரத்தோடு போராடியவர்:

கடை ஆட்டத்தில் உண்மையான எதிரி கடிகாரம். இதை யாருமே சொல்லவில்லையே?

எங்களுக்குக் கடைசி மோதல். எதிரி லிச், செத்தும் சாகாத மந்திரவாதி. அதற்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம், எங்களில் நின்றுகொண்டிருப்பது நான் மட்டும். கடைக்காரர் பாதி விளக்கை அணைத்துவிட்டார். டி.எம். சொன்னார்: "ஒரே ஒரு உருட்டு. பட்டால் முடிந்தது. படாவிட்டால் அதுவும் முடிந்தது." உருட்டினேன். பகடை மேசை விளிம்பில் பட்டு, கீழே விழுந்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. ஐந்து பேர் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் தேடினோம். கடைக்காரரும் சாவியோடு குனிந்தார். கிடைத்தது. 20. அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் இல்லை.

நாங்கள் போட்ட கூச்சல் அடங்கும்வரை டி.எம். காத்திருந்தார். "தரையில் விழுந்தது செல்லாது, மறுபடி உருட்டுங்கள்."

நான்கு.

முதலில் கேட்டவன்:

செல்லும். எங்கள் மேசையில் அலமாரிக்கு அடியும் மேசைதான். யார் அந்த டி.எம்.?

கேம் நடத்துபவர்:

செல்லாது.