அப்பாவுக்குக் கிட்னியில கட்டி, கூடவே நீர்க்கட்டிகள். ஆயுசு குறையுமா?

தங்கச்சிமடம் மகள்:
அப்பாவுக்கு 61 வயசு. நாட்டுப்படகுல கடலுக்குப் போறவர். மூத்திரத்துல ரத்தம் வந்துச்சு. வெயில் சூடுன்னு இளநீரும் மோருமா பத்து நாள் ஓட்டிட்டோம், அதை நெனச்சா இப்பவும் மனசு ஆறல. மருந்து ஏத்தி சி.டி. எடுத்ததுல இடது கிட்னியில 3.4 செ.மீ. கட்டி, கேன்சரா இருக்கலாம்னு வந்திருக்கு. ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டிகளாம். பார்த்த டாக்டர் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. "ரெண்டு பக்கமும் பரவிருச்சு, இனிமே கத்தி பட்டா அவ்வளவுதான்"னு சொந்தக்காரங்க பேசுறது அப்பா காதுலயே விழுந்துருச்சு. சாப்பிடவே மாட்டேங்கிறார்.

கீழக்கரை அண்ணன்:
தங்கச்சி, எங்க வாப்பாவுக்கும் இதே மாதிரிதான் எழுதியிருந்துச்சு. கட்டியை மட்டும் எடுத்து ஏழு வருஷம் ஆச்சு. நீர்க்கட்டி இன்னும் அப்படியே இருக்கு, ஒண்ணும் பண்ணல. பயப்படாம ரிப்போர்ட்டைப் படிங்க.

மண்டபம் நர்ஸ்:
நீர்க்கட்டிங்கிறது கேன்சர் பரவினதுக்கு அடையாளம் இல்லம்மா. அம்பது வயசுக்கு மேல எத்தனையோ பேருக்குச் சாதாரண நீர்க்கட்டி இருக்கும், அதனால ஆயுசு குறையாது. ரிப்போர்ட்ல 'போஸ்னியாக்'னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க. சி.டி.யில தெரியுற நீர்க்கட்டியில கேன்சர் வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ற தரவரிசை அது, பக்கத்துலயே ஒரு நம்பர் இருக்கும். 1, 2ன்னா கவலையே வேண்டாம். '2 எஃப்'னா விட்டுவிட்டு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்க. 3ல ஏறக்குறைய பாதி கேன்சரா இருக்கும், 4ல பெரும்பாலும் கேன்சர்தான். நீர்க்கட்டிக்குள்ளயே வர்ற கேன்சர்கூட, கெட்டியான கட்டியைவிட மெதுவா வளர்ற ரகம்.

ஆயுசைத் தீர்மானிக்கிறது கட்டியோட அளவு, கிட்னியைத் தாண்டிப் போயிருக்கா, அணுக்களோட வீரியம் எவ்வளவு, இதெல்லாம்தான். 4 செ.மீ.க்குள்ள, கிட்னியோட நின்னிருந்தா முதல் நிலை. அந்த நிலையில இந்தக் கேன்சரால அஞ்சு வருஷத்துக்குள்ள இறக்குறவங்க நூத்துல பத்துப் பேருக்கும் குறைவு. கத்தி பட்டாப் பரவும்ங்கிறதைத் தயவுசெஞ்சு நம்பாதீங்க. கீமோ இந்தக் கேன்சருக்குச் சரியாக் கேக்காது, முதல் வைத்தியமே ஆபரேஷன்தான்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. அப்பா டயாலிசிஸ்ல இருந்தாரா? வருஷக்கணக்கா டயாலிசிஸ் பண்றவங்களுக்கு வர்ற நீர்க்கட்டியில கேன்சர் வாய்ப்பு கூடும். வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுலயே கிட்னி, மூளை, கண்ணுல கட்டி வந்திருக்கா? வந்திருந்தா அது பரம்பரை வியாதியா இருக்கலாம், நீங்களும் பார்த்துக்கணும்.

தொண்டி மச்சான்:
முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கே போங்க. யூராலஜி டாக்டர்கிட்ட "கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கிட்னியைக் காப்பாத்த முடியுமா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும்.

தங்கச்சிமடம் மகள்:
டயாலிசிஸ் இல்லக்கா, வீட்டுல வேற யாருக்கும் இல்ல. ரெண்டாம் பக்கத்துல 'போஸ்னியாக் 1'னு போட்டிருக்கு, இத்தனை நாள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்ல. நெஞ்சுக்கும் சி.டி. எடுக்கணுமாம். நீங்க எழுதினதை அப்பாவுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். திங்கக்கிழமை மதுரைக்குக் கிளம்புறோம். இப்பத்தான் கஞ்சி கேட்டார்.