அப்பாவுக்கு இனி கீமோ வேண்டாம் என்கிறார்கள், வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அல்சூர் செல்வி:
பெங்களூரில் அல்சூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, சின்ன வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போட்டவர். இடது கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்து மறுபடியும் வந்து, இப்போது கன்னம் ஓட்டையாகி வெளியே புண்ணாகவே தெரிகிறது. போன வாரம் டாக்டர், இனி கீமோ வேண்டாம், வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற பாலியேட்டிவ் பிரிவில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கைவிட்டுவிட்டார்கள் என்று அம்மா அழுகிறார். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதைக் கொடுத்தால் பத்து நாளில் ஆளே போய்விடுவார் என்று சித்தப்பா சொன்னதால் அட்டையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறோம். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். அதைவிட நாற்றம்தான் அவரைக் கொல்கிறது. என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். சாப்பாடு மூக்கு டியூப்பில்தான். பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நர்ஸ் மேரி:
செல்வி, முதலில் அந்த அட்டையைப் பிரிம்மா. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கிற மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது, இருபது வருஷமாகக் கொடுத்துப் பார்த்தவள் சொல்கிறேன். சாதா மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதனால் பேதி மருந்தும் கூடவே எழுதி வாங்கு. டியூப்பில் போடுவதாக இருந்தால் சாதா மாத்திரையைப் பொடித்துக் கரைக்கலாம், மெதுவாக வேலை செய்கிற எஸ்ஆர் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். எது என்று கேட்டுக்கொள்.

நாற்றத்துக்கு வழி இருக்கிறது. காற்றில்லாமல் வளர்கிற கிருமிகளால் வருவது அது. கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுப் புண்ணைக் கழுவி, அந்தக் கிருமிகளைக் கொல்கிற மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவிக் கட்டுவோம். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பி, சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். புண்ணில் கட்டிய பழைய காஸ் துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதே, உப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு எடு. புழு நெளிவது தெரிந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ.

ஸ்ரீராம்புரம் குமார்:
அக்கா, என் அண்ணனுக்கும் இதேதான், நாக்கில். மாரத்தஹள்ளிப் பக்கம் கருணாஷ்ரயா இருக்கிறது, முற்றிய புற்றுநோய்க்காரர்களைப் பார்க்கிற இடம், நோயாளிகளிடம் காசு வாங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற குழுவும் உண்டு. அண்ணன் அங்கே ஒன்பது நாள் இருந்து வலி அடங்கி வீட்டுக்கே திரும்பி வந்தார், சாகப் போகிற இடம் என்று நினைத்து நாங்கள்தான் ஒரு மாதம் வீணாக்கினோம். ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். கழுத்துப் பக்கம் புண் இறங்கினால் ரத்தக்குழாய் திடீரென்று உடையலாம், எல்லோருக்கும் ஆகாது. அதற்கு என்ன மருந்து வைத்துக்கொள்வது என்று இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். கருநீலத் துண்டு நாலைந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் அவரே பயந்துவிடுவார். துண்டை வைத்து அழுத்திக்கொண்டு கையைப் பிடித்துப் பக்கத்திலேயே இருங்கள்.

நர்ஸ் மேரி:
தம்பி சொல்வது சரி. செல்வி, மார்ஃபின் தீர்ந்தால் தெருமுனை மெடிக்கலில் தேடி அலையாதே, அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு அது எளிதாகியிருக்கிறது. சித்தப்பாவையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அவர் பயத்தை அவரே கேட்கட்டும்.

அல்சூர் செல்வி:
ஆறு நாள் ஆகிறது. டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுப் பொடி போட ஆரம்பித்தோம். மாத்திரை சாதாதான், முதல் நாள் பகல் முழுக்கத் தூங்கினார், அம்மா மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று ராத்திரி படுத்துத் தூங்கினார். நாற்றம் முழுதாகப் போகவில்லை, ஆனால் கதவைத் திறந்ததும் அடித்தது இப்போது இல்லை. இன்றைக்கு என் பெண்ணின் சிலேட்டை வாங்கி ‘கணக்கு போட்டாச்சா’ என்று எழுதிக் காட்டினார். திங்கட்கிழமை கருணாஷ்ரயா போகிறோம், சித்தப்பாவும் வருகிறார். துண்டு வாங்கிவிட்டேன், அம்மாவிடம் எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.